கம்பத்து ஜிமிக்கி

பொன் வைக்கிற இடத்தில் பூவை வைத்துப் பார் என்பார்கள். ஆதிலட்சுமி மண்ணை வைத்துப் பார்த்தாள். அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்தில் பாதி ஊர் பீங்கான் மண் பிசைந்துகொண்டிருந்தது. ஊறுகாய் ஜாடி, பொம்மை, கரண்டு கம்பத்துக்கான வெள்ளைக் குமிழ் என்று ஆளுக்கொன்று செய்தார்கள். இவள் மட்டும் அதே மண்ணில் ஜிமிக்கி செய்தாள். கவிழ்ந்த கிண்ணம், விளிம்பில் பொடி உருண்டைகள், மேலே நீலப் பூ. தென்னை ஈர்க்கால் பூவுக்கு நரம்பு கீறும்போது பக்கத்தில் எவராவது தும்மினால்கூட அடிக்கப் போவாள்.

செய்ததெல்லாம் சரி, மாட்டிக்கொள்ளத்தான் ஒரு காது கிடைக்கவில்லை.

"இத்தை மாட்டிக்கினு கல்யாணத்துக்குப் போனா, ஜாடி இங்க இருக்குது, ஊறுகா எங்கன்னு கேப்பாங்க" என்றாள் அடுத்த வீட்டு ராஜம்மாள். தானே மாட்டிக்கொள்ள ஆதிலட்சுமிக்கு மனமில்லை. சமைத்தவளே தின்றுவிட்டு ருசி என்றால் யார் நம்புவார்கள்? இன்னொருத்தி ஆசைப்பட்டு மாட்ட வேண்டும். ஒரே ஒருத்தி போதும். இந்த ஆசை அவளைச் சோறு தின்ன விடவில்லை.

ஆசைக்கு அவசரமும் சேர்ந்துகொண்டது. சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் தங்கள் சாமானைச் சுடுமண் பெட்டிகளில் அடுக்கிப் பொதுச் சூளைக்குத்தான் கொடுப்பார்கள். சூளையைப் பார்த்துக்கொண்ட பக்கிரி அவளுக்கு ஒரு பெட்டிக்கு இடம் விட்டிருந்தார்.

"பொங்கலுக்குள்ள யாராச்சும் ஒருத்தி போட்டுக்கினு வந்து நிக்கணும் ஆதி. இல்லாங்காட்டி அந்த எடம் ஜாடிக்காரருக்கு" என்றார்.

பக்கிரி நல்ல மனிதர், பக்தியும் அதிகம். வினையே அந்தப் பக்திதான். ஆதிலட்சுமி தன் பெட்டி தெரியவேண்டும் என்று அதன்மேல் காவிக் கல்லைக் குழைத்து ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். காவி நெருப்புக்கு அசையாது. அந்த வருஷம் சூளை ஏற்றிய நாளில் ஆயுத பூஜை. பக்கிரி எல்லாப் பெட்டிக்கும் பொட்டு வைக்கக் குங்குமத்தை எடுத்தார். சாமி குங்குமம் சூளையில் கருகினால் பாவமாயிற்றே என்று யோசித்தார். பிறகு ஆதிலட்சுமியின் காவியையே எடுத்து, ஒரு பெட்டி விடாமல் பொட்டு வைத்தார்.

சூளை திறந்தபோது அத்தனை பெட்டியும் ஆதிலட்சுமியின் பெட்டி. அவள் வீட்டுக்குப் போனது கத்தரிக்காய் பருமனில் வெள்ளைக் குமிழ்கள். அவளுடைய ஜிமிக்கிகள் கிராமங்களுக்குக் கரண்டு இழுக்கும் காண்டிராக்டரின் லாரியில் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சி போய்ச் சேர்ந்தன.

அங்கே மேஸ்திரி கொளஞ்சியப்பன் பெட்டியைத் திறந்தார். மேலிடத்துச் சாமானைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். நீலப் பூவைப் பார்த்தார், அடியில் இருந்த ஓட்டையில் ஊதிப் பார்த்தார், "புது மாடல் இடிதாங்கி" என்று முடிவு கட்டினார். ஜோடி ஜோடியாக இருந்ததால் கம்பத்துக்கு ஒரு ஜோடி, குறுக்குச் சட்டத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று கம்பியால் கட்டச் சொன்னார். ஊர்க் கம்பமெல்லாம் ஜிமிக்கி போட்டுக்கொண்டு நின்றது.

செய்தி தெரிந்து ஆதிலட்சுமி பஸ் பிடித்து ஓடினாள். கம்பங்களை அண்ணாந்து பார்த்தாள். காற்றில் அத்தனையும் ஆடின. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கழட்டிக் குடுங்க மேஸ்திரி. அது நகைங்க."

"சர்க்காரு கம்பத்துல கை வெச்சா ஜெயிலும்மா. போயிட்டு வா."

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருக்குள் ஒரு இடிகூட விழவில்லை. போதாதா? வைக்கோல் போருக்கு ஒரு ஜோடி, பம்புசெட்டு கொட்டகைக்கு ஒரு ஜோடி என்று ஆதிலட்சுமி வீட்டு வாசலில் ஆள் நின்றது. ஒருவர் புளியமரத்துக்குக் கேட்டார். பொங்கல் வந்தது, போனது. பக்கிரி ஒரு பெட்டி இடத்தை மூன்றாக்கினார். எல்லாம் இருந்தும் ஒரு காதுகூட வரவில்லை. புளியமரத்துக்குப் பூ கீறும்போது ஈர்க்கு அவள் கையில் தானாக ஒடிந்தது.

சித்திரையில் மேஸ்திரி ஆதிலட்சுமிக்கு ஆளனுப்பினார். கருவேப்பிலங்குறிச்சிக் கடைத்தெருவில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் நாற்று நடும் கூலிக்காரி வீரம்மாள் நின்றாள். அவள் வலது காதில் ஆதிலட்சுமியின் ஜிமிக்கி தொங்கியது. வீட்டெதிர்க் கம்பத்தில் ஏறி அவிழ்த்திருக்கிறாள். கட்டியிருந்த கம்பியையே முறுக்கிக் கொக்கி ஆக்கியிருக்கிறாள். கம்பத்தில் ஏறினாளே, கரண்டு அடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் கரண்டு எப்போது இருந்தது, அடிப்பதற்கு?

"நீயே சொல்லும்மா" என்றார் மேஸ்திரி. "இடிதாங்கின்னா இவ மேல கேஸு. நகைன்னா நீ இனிமே ஒருத்தருக்கும் இடிதாங்கி விக்கக் கூடாது."

ஆதிலட்சுமியோடு வந்திருந்த பக்கிரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று பெட்டி இடமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆதிலட்சுமிக்கும் தெரியும். அவள் வீரம்மாளிடம் போனாள்.

"எதுக்குடி எடுத்த?"

"தெனம் பாத்துக்கினே இருந்தேங்க்கா. கம்பத்துக்கு எதுக்கு இவ்ளோ அழகு?"

இத்தனை வருஷமாக ஆதிலட்சுமி கேட்க ஏங்கிய பேச்சு அது. "தலையை ஆட்டு" என்றாள். வீரம்மாள் ஆட்டினாள். ஜிமிக்கி கன்னத்தில் தட்டி ஆடியது. நீலப் பூ வெயிலில் மினுங்கியது.

"பாத்தீங்களா மேஸ்திரி? நகைதாங்க" என்றாள். "ஏணியைப் போடுங்க. இன்னொண்ணு மேல இருக்குது."

"அப்ப இடி விழாதது?"

"அதுக்கு நான் என்னாங்க பண்றது?"

மேஸ்திரி திட்டிக்கொண்டேதான் ஏணியைப் பிடித்தார். ஆதிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, மற்றதையும் அவிழ்த்து வந்து, தன் கையாலேயே வீரம்மாளின் இடது காதில் மாட்டினாள். மடல் இழுபட்டுச் சிவந்தது.

"பாரமா இருக்குதாடி?"

"இருக்குது. கழட்ட மாட்டேன்."

அப்போது கோடை மேகம் ஒன்று மேற்கே உறுமியது. அவ்வளவுதான். இவ்வளவு நேரம் நகை என்று அவள் சொன்னதைக் கேட்டு நின்ற கூட்டம், மேஸ்திரி உட்பட, அடித்துப் பிடித்துக்கொண்டு வீரம்மாளை ஒட்டி வந்து நின்றது. பக்கிரி அவள் முந்தானையையே பிடித்துக்கொண்டார். நெரிசலில் வீரம்மாளின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவள் பயத்திலும் சிரிப்பிலும் இப்படியும் அப்படியும் திரும்ப, இரண்டு ஜிமிக்கியும் சேர்ந்து ஆடின.

மழை விழத் தொடங்கியது. ஆதிலட்சுமி நனைந்துகொண்டு அதையே பார்த்து நின்றாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து, ஆளுக்கொரு தள்ளு தள்ளினாள்.

"தள்ளி நில்லுங்கய்யா! ஜிமிக்கி ஒடையப் போவுது!"