எல்லைக்கல்லில் தூக்கிய கால்கள்

ஒரே ஒரு ஊர் உண்டாம். அந்த ஊரில் வாசலைத் தாண்டின கால்கள் ரவுட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டியைக் கேட்டுத்தான் நடக்குமாம். ரவுட்டர்கள் இரண்டு. பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரியில் மேல்தட்டில் மூத்தவர், கீழ்த்தட்டில் இளையவர். வழி சொல்வது மூத்தவர். மூன்று விநாடிக்கு ஒருதரம் “இருக்கேன்” என்பார். அந்தச் சத்தம் நின்றால் இளையவர் பொறுப்பேற்க வேண்டும். இருவரையும் கவனிப்பவள் இசக்கிராணி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மூத்தவர் பேச்சை நிறுத்தினார். இளையவர் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டார். ரேஷன் கடைக்குப் புறப்பட்டவர்கள் ரேஷன் கடைக்கே போனார்கள். வெளியூருக்குப் புறப்பட்டவர்கள் மட்டும் எல்லைக்கல்லில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். பதினேழு பேர். மூன்றாவதாக நின்றவர் இசக்கிராணியின் அப்பா மாசானமுத்து. பதினொரு மணிக்கு அவருக்குப் பெரியாஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். கையெழுத்துப் போட வேண்டியவள் இசக்கி. இன்று தப்பினால் கார்த்திகையில்தான் என்றும், அதற்குள் மிச்சப் பார்வையும் போய்விடும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

இளையவரின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். தெருவெல்லாம் இருந்தது, கடைசி வரி இல்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களை யாரிடம் அனுப்புவது என்று சொல்லும் வரி அது. மூத்தவர் இருக்கும்போது இளையவரிடம் அதைச் சொல்லிவைப்பது மரியாதை இல்லையென்று ஊர்க்கூட்டத்தில் பேசி, விட்டுவைத்திருந்தார்கள்.

இசக்கி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள். பட்டியலில் இல்லாத எந்த இடமானாலும் என்பதற்கு அடையாளமாக நான்கு பூஜ்யம், மறுபடி நான்கு பூஜ்யம். அடுத்து, அவர்களை ஏற்றுக்கொள்பவரின் பெயர். அது மூத்தவருக்குத்தான் தெரியும். நாலு பேருக்குப் போன் போட்டாள், யாரும் அந்தப் பெயரைக் கவனித்ததில்லையாம். மணி ஒன்பதே கால். தன் பெயரையே அடித்தாள், சேமித்தாள், நடந்துபோய் எல்லைக்கல்லின் மேல் ஏறி நின்றாள்.

“ஏட்டி இசக்கி, ஒத்தக்கால்ல தவம் இருந்தாச்சு. வரம் எப்பக் குடுப்ப?” என்றாள் முதலில் நின்ற சண்முகத்தாய்.

எங்கே போகணும் என்று இசக்கி கேட்டு, வழியைக் கைநீட்டிக் காட்டினாள். சண்முகத்தாயின் கால் தரையில் இறங்கியது. அடுத்தவரும் போனார். அப்பா வந்தார்.

“நீ வரலையாளா?”

“நான் எறங்குனா மத்தவுக நிக்கணும். நீங்க முன்னால போங்க, வந்துருதேன்.”

“வந்துரு. கண்ணக் கட்டிக்கிட்டு நான் ஒன்னத் தேட முடியாது.”

அவரும் போனார். அவசரப்படாமல், ஆனால் ஒரு வார்த்தையும் கூடுதலாகப் பேசாமல், மீதிப் பதினாலு பேரையும் இசக்கி அனுப்பி முடித்தபோது மணி பத்தேகால்.

பதினெட்டாவதாக ஒரு காலைத் தூக்கியபடி இசக்கி நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

“எங்க போகணும்?” என்று கல்லின் மேல் நின்றிருந்த இசக்கி கேட்டாள்.

“பெரியாஸ்பத்திரிக்கு. கையெழுத்துப் போட.”

“ஆலமரத்து ஸ்டாப்புல பஸ் நிக்கும். பேனா எடுத்துக்கிட்டியா?”

எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். காலைக் கீழே வைத்து, விறுவிறுவென்று நடந்து போனாள்.