பச்சை அட்டைக் கேசட்

ராமானுஜம் செத்து ஐம்பது நாளாகியும் டிவியின் மேல் போர்த்தியிருந்த வேட்டியைப் பத்மாசினி யாரையும் தொடவிடவில்லை. பிள்ளை போன வீட்டில் வருஷம் திரும்பாமல் டிவி பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆனால் காவாந்தண்டலத்துப் பஞ்சாட்சரம் கையில் ஒயரோடு வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை, அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் வேட்டியை உருவினாள். பெற்றவளிடம் சாஸ்திரம் பேசுகிற அளவுக்கு அவள் புருஷன் சடகோபன் மடையர் இல்லை.

பஞ்சாட்சரம் மெட்ராஸில் ராமானுஜத்தோடு ஒரே கம்பெனியில் வேலை, ஒரே அறையில் வாசம். மஞ்சள் காமாலையில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவன். ராமானுஜத்திடம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. முதலாளி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து, அலுத்துப்போய் இவன் தலையில் கட்டியது. டைப் மிஷினில் பாதிதான் இருக்கும். அதற்கென்று திரை கிடையாது, டிவியில் மாட்டினால்தான் எதுவும் தெரியும். கார்த்திகையில் வந்தவன் அதை ஊரிலேயே வைத்துவிட்டுப் போனான்.

"தை பொறந்ததும் ஒயரோட வரேம்மா. கருட சேவை, குடையும் மேளமுமா நம்மாத்துக்குள்ளேயே வரும், பாரு."

பத்மாசினி முழங்கால் வலியால் ஆறு வருஷமாகச் சந்நிதித் தெருவை எட்டிப் பார்க்காதவள். அவளுக்காக லீவு நாளெல்லாம் உட்கார்ந்து பெருமாள் புறப்பாட்டை டிவியில் படமாக ஓடும்படி அந்தக் கம்ப்யூட்டரில் செய்திருந்தான். தை பிறக்கிறவரைக்கும் அவன் இருக்கவில்லை. மார்கழியிலேயே போய்விட்டான்.

பஞ்சாட்சரம் ஏரியல் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கொண்டுவந்த ஒயரைச் செருகினான். "படம், சத்தம் ரெண்டுமே இந்த ஒரே ஒயர்ல வரும்மா," என்று சொல்லிக்கொண்டே குமிழைத் திருகினான். புள்ளி புள்ளியாகப் பொரிந்த திரையில் எழுத்துகள் வந்து நின்றன. ஒரு பொத்தானைத் தட்டினான். டிவிக்குள்ளிருந்து 'கீக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பேசறதே இது," என்றாள் பத்மாசினி. இந்த ஐம்பது நாளில் அந்த முகத்தில் இப்படி ஓர் ஆசையைச் சடகோபன் பார்க்கவில்லை. அவருக்கே கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது.

"அவன் செஞ்சதெல்லாம் ஒரு கேசட்டுல கீதும்மா. பச்ச அட்ட ஒட்டினது. வேற காப்பி கெடையாது, அது ஒண்ணுதான்."

சடகோபன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

பதிமூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் கூடிப் பாசுரம் சேவித்த கோஷ்டிக்கு, மன்னார்குடியில் படுத்த படுக்கையாயிருந்த அவர் தங்கை சுந்தரவல்லியால் வரமுடியவில்லை. காதாலாவது கேட்கிறேன், பிடித்து அனுப்பு என்று எழுதியிருந்தாள். அலமாரியிலிருந்த பச்சை அட்டைக் கேசட்டைச் சடகோபன் டேப் ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தார். தகரத்தை ஆணியால் கீறுகிற இரைச்சல். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கம்ப்யூட்டரின் பாஷை அப்படித்தான் இருக்கும் என்று தேவஸ்தானத்தில் கிளார்க்கான அவருக்கு யார் சொன்னார்கள்? கெட்டுப்போன கேசட் என்று நினைத்து, பிள்ளை நற்கதி அடையச் சேவித்த அரைமணி நேரத்தையும் அதன்மேலேயே பிடித்துவிட்டார். தங்கைக்கு இன்னும் அனுப்பவும் இல்லை.

பத்மாசினி அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்துவந்து கொடுத்தாள். பஞ்சாட்சரம் டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓடவிட்டான். பெருமாளே, இந்தப் பாழாய்ப்போன மிஷினுக்குக் கோஷ்டியும் புரிந்து தொலையட்டும் என்றுகூடச் சடகோபன் வேண்டிக்கொண்டார். திரை அசையவில்லை. பஞ்சாட்சரம் ஒயரைக் கழற்றி, சத்தத்தை நன்றாகக் குறைத்துக் காதை வைத்துக் கேட்டான். பாசுரம்தான் கேட்டது. பிறகு நிமிர்ந்து சடகோபனைப் பார்த்தான். பார்த்தவுடனேயே புரிந்துகொண்டான்.

"ஒயர் சரியில்லம்மா. மெட்ராஸ் எடுத்துக்கினு போயி ரிப்பேர் பாத்து எடுத்தாறேன்."

"எத்தனை நாளானாலும் பரவாயில்லைப்பா. நான் காத்துண்டிருக்கேன்."

அதைத்தான் சடகோபனால் தாங்க முடியவில்லை. இவள் நிஜமாகவே காத்திருப்பாள். வாசலில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள்.

"ஒயர்லே ஒரு கோளாறும் இல்லைடி. பதிமூணாம் நாள் கோஷ்டியை அதுலே நான்தான் பிடிச்சேன். கொழந்தை பண்ணி வெச்சதை என் கையாலேயே அழிச்சுட்டேன்."

பத்மாசினி அழவில்லை, அவரைத் திட்டவும் இல்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பிறகு பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீ பார்த்திருக்கியோப்பா அதை?"

"பாத்துகீறேம்மா. நாலஞ்சு தபா போட்டுக் காமிச்சான்."

"குடை எப்படி ஆடித்து?"

பஞ்சாட்சரம் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கினான். "இப்டித்தாம்மா," என்று இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து இரண்டடி நடந்து காட்டினான்.

"மேளம்?"

கூச்சத்தோடு, மெல்ல, வாயாலேயே மேளமும் அடித்தான். பத்மாசினி உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் குவித்தாள். சடகோபனுக்குக் கும்பிடக் கை எழவில்லை.