தெய்வம் எந்தப் பக்கம்

கனகாம்பிகைக்கு அந்தப் படத்தில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே ஒரு பெடியன் லொறியில் அடிபட்டுச் செத்துப்போனான். சரி, பாவம், கதை முடிந்தது என்று எழும்பப் போனவளை மகள் தாரிகா கையைப் பிடித்து இருத்தினாள். இனித்தான் தொடக்கமாம். செத்தவன் வேறொரு உலகத்தில் வாளும் கையுமாக எழும்பி நின்றான். அவனை அங்கே கூப்பிட்டதே ஒரு பெண் தெய்வம். தலைமயிர் நீல நிறம் என்பதைத் தவிர்த்தால் முகத்தில் மகாலட்சுமியின் களை. கனகாம்பிகை தன்னை அறியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த காட்சியில் அதே தெய்வம் அவன் போகிற வழியெல்லாம் நெருப்பைக் கொட்டியது.

கனகாம்பிகை ஆசைப்பட்டு இந்தக் கார்ட்டூன் பார்க்க வந்தவள் அல்ல. தாரிகா இருபத்துநாலு வயது ஒற்றைப் பிள்ளை, பருத்தித்துறைக் கரையில் பிறந்து வளர்ந்தவள், நாலு வருடமாக இதையே பார்த்து, இதையே வரைந்து, நல்லூருக்குப் பஸ் ஏறி யப்பான் பாஷையும் படித்துவிட்டாள். இப்போது யப்பானில் ஒரு பள்ளிக்கூடம் படம் வரையப் படிக்க வா என்று கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு இந்த வீட்டில் எப்படி மூச்சு விடுவது என்று கனகாம்பிகைக்குத் தெரியவில்லை. பிடித்திருக்கிற பேய் எதுவென்று தெரிந்தால்தானே விரட்டலாம் என்று பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறாள்.

“உவன் என்ன பிழை செய்தவன்?” என்று கேட்டாள்.

“ஒரு பிழையும் இல்லை அம்மா. தெய்வங்கள் எழுதி வைச்சபடி அவன் நடக்கேல்லை. அதுதான் கோபம்.”

“அப்ப உவன் சூரன்.”

முடிவு நியாயமானதுதான். வருடா வருடம் சூரன்போர் பார்க்கிற மனுசி. தெய்வத்தோடு சண்டைக்குப் போகிறவன் யார், கடைசியில் அவன் தலை எங்கே விழும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. தாரிகாவோ சிரித்தாள். இந்தக் கதைகளில் தெய்வம் யாரை எதிர்க்கிறதோ அவன்தான் நாயகனாம். அவள் வரைகிற கதையிலும் அப்படித்தான்: இந்தக் கரைப் பெண் ஒருத்தி கடலுக்கு அப்பால் வேற்றுலகம் போகிறாள், ஏழு தெய்வங்கள் வழிமறித்து நிற்கின்றன. அவளை எப்படிக் கரை சேர்ப்பது என்று தெரியாமல் தாரிகா மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கனகாம்பிகை, அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடு, எல்லாம் சரிவரும் என்று ஒரு யோசனை சொன்னாள். அது எடுபடவில்லை.

புருசன் தியாகலிங்கத்திடம் கேட்டால் மனுசன் வழக்கம்போல நழுவினார். படகோட்டி, கடலில் புலி, வீட்டில் எலி. மகளுக்கும் முகம் முறிக்கமாட்டார், பெண்சாதிக்கும் முறிக்கமாட்டார். கடைசியில் வலையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“இஞ்சரும், பூக்கட்டிப் பாப்பம். நீர் ரெண்டு பொட்டலம் கட்டும். அம்மாள் என்ன சொல்லுறாவோ அதுதான் முடிவு.”

அவர்களுடைய கடற்கரை அம்மன் கோயிலில் பரம்பரை வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் இரண்டு வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியே சுற்றி நூலால் கட்டி அம்மாளின் காலடியில் வைப்பார்கள். ஐயர் ஒன்றை எடுத்து அவிழ்ப்பார். ஒரு நிறம் உத்தரவு, மற்ற நிறம் வேண்டாம் என்ற கட்டளை. தாரிகாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் அம்மாள் வேண்டாம் என்றால் போகமாட்டேன், சத்தியம் என்று தகப்பனின் கையில் அடித்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை கனகாம்பிகை முற்றத்தில் பூப் பிடுங்கினாள். சிவப்புக்கு ஒரு செவ்வரத்தம்பூ, வெள்ளைக்கு ஒரு நந்தியாவட்டைப்பூ. குசினிக்குள் வந்து வாழையிலையைக் கிழித்தவளுக்குக் கை ஓடவில்லை. பாதிக்குப் பாதி என்றால், பிள்ளை போவதற்கும் பாதி. கனகாம்பிகை பிறந்தது அரியாலையில். அங்கே பூக்கட்டிப் பார்த்துத்தான் அவளுக்கே கலியாணம் நடந்தது. சிவப்புப் பூ வந்தது. சிவப்பென்றால் குங்குமம், கூறைச்சேலை, உத்தரவு. வெள்ளை வந்திருந்தால் இந்தச் சம்பந்தமே இல்லை என்று அப்பு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

செவ்வரத்தம்பூவை யன்னலுக்கு வெளியே எறிந்தாள். போய் இன்னொரு நந்தியாவட்டை பிடுங்கி வந்தாள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. எதை எடுத்தாலும் வேண்டாம். தாயே, நீயும் ஒரு தாய்தானே, இதிலே நீ என் பக்கம் நிற்கவேண்டும் என்று நூலைச் சுற்றும்போதே மன்றாடினாள்.

கோயிலில் ஐயர் கண்ணை மூடி மந்திரம் சொல்லி ஒரு பொட்டலத்தை எடுத்தார். கனகாம்பிகை மகளின் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்தாள். நூல் அறுந்தது, இலை விரிந்தது.

“வெள்ளை,” என்றார் ஐயர். “அம்மாள் உத்தரவு குடுத்திட்டா.”

தியாகலிங்கம் சால்வையால் கண்ணைத் துடைத்தார். தாரிகா அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். கனகாம்பிகை ஐயருக்குக் கிட்டப் போனாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாக, ஐயா, வெள்ளை என்றால் வேண்டாம் என்பதல்லவா என்று கேட்டுப் பார்த்தாள். ஐயர் சிரித்தார். இந்தக் கோயிலில் அந்தக் காலம் தொட்டு வெள்ளைதான் உத்தரவாம், சிவப்பு என்றால் அம்மாள் கோபமாம். ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தெரியும் என்று நினைத்ததால் அவளும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் இந்த ஊரில் சோறு சமைத்திருக்கிறாள், இந்தக் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கத் தேவை வந்தது இன்றைக்குத்தான்.

அரியாலை முறைப்படி நிறத்தை மாற்றிப் பார்ப்போம் என்று வாதாடலாம். வாதாடினால் மற்றப் பொட்டலத்தையும் அவிழ்ப்பார்கள், களவு வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு திருநீறு பூசினாள். திரும்பிப் பார்த்தபோது அம்மாளின் காலடியில் மற்றப் பொட்டலத்தைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்து மீனை வெட்டினாள், எதை வெட்டுகிறோம் என்றே தெரியவில்லை. அம்மாள் தன்னை எதிர்த்துவிட்டாளா? தெய்வம் எதிர்க்கிறவர்தான் நாயகன் என்றால் இந்தக் கதைக்கு நாயகி யார், தானா? நல்லவளை எதிர்த்தால் அம்மாள் கெட்டவள் ஆகிவிடுவாளே, சிவசிவா. இல்லை, கோயிலிலேயே களவு செய்ததால் தான்தான் சூரனா? சூரனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. குழம்புக்குப் புளியை இரண்டு தரம் கரைத்து விட்டுவிட்டாள்.

பின்னேரம் தாரிகா கொப்பியோடு குசினிக்குள் வந்து தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். நூல் அவிழ்ந்திருந்தது.

“அம்மா, கோயிலிலை இருந்து இதை நான் எடுத்துவந்து பிரிச்சுப் பார்த்தனான். இதுவும் வெள்ளை.”

இனி என்ன, எல்லாம் போச்சு என்று கனகாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பிள்ளை அழுகிறாள், அழுதுகொண்டு கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறாள்.

“நீங்கள் என்னை விடமாட்டியள் எண்டு நினைச்சிருந்தனம்மா. நீங்கள் எனக்காக அம்மாளையே ஏமாத்தியிருக்கிறியள்.”

கனகாம்பிகை வாயைத் திறந்தாள். அது அப்படி இல்லை பிள்ளை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் தாரிகா கொப்பியைத் திறந்துவிட்டாள். பென்சில் படம், அன்று மத்தியானம் வரைந்தது. வானம் முழுக்க ஏழு தெய்வங்கள், ஆயுதங்களோடு. கீழே அந்தப் பெண் பயந்து நிற்கிறாள். அவளுக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெலிந்த ஒரு மனுசி. அள்ளி முடிந்த கொண்டை, ஒற்றைக்கல் மூக்குத்தி, வாள் இருக்கவேண்டிய கையில் அகப்பை. வானத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

தாரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். இரண்டும் வெள்ளை என்றால் அது அம்மாள் தந்த உத்தரவு ஆகாது, அப்பாவுக்குச் செய்த சத்தியம் அவள் மனதை அரிக்கிறது.

“திரும்பவும் பூக்கட்டிப் பாப்பமே அம்மா? இந்தமுறை நேர்மையாய். சிவப்பு வந்தால் நான் நிக்கிறன்.”

இதோ, கேட்டது கைக்கு வந்துவிட்டது. பாதிக்குப் பாதி. ஓம் என்று ஒரு சொல் போதும். கனகாம்பிகை பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அகப்பையோடு நின்ற மனுசியைப் பார்த்தாள். அந்த மனுசி தான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது பிள்ளைக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்று திடீரென்று தோன்றியது, தோன்றியதும் நெஞ்சு வலித்தது.

“வேண்டாம்,” என்றாள். “அம்மாளோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ வாறன் எண்டு எழுது.”

தாரிகா பொட்டலத்தைத் திரும்பவும் நூலால் சுற்றத் தொடங்கினாள்.

“இப்பவே எழுது பிள்ளை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

தாரிகா போனை எடுத்தாள். கனகாம்பிகைக்கு யப்பான் எழுத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாக, கண்ணை எடுக்காமல், அனுப்பி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.