வெந்நீர்க் கூடத்து ஓடுகள்

ஆலங்கட்டி மழை கொஞ்ச நேரம்தான் பெய்தது. அதற்குள் லியோந்தியாவின் களஞ்சியக் கூரை பாதி நொறுங்கிவிட்டது. கோதுமையை அறுத்து உள்ளே வைத்து நாலு நாள்கூட ஆகவில்லை.

கரோன் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பண்ணை அவள் கணவன் குடும்பத்துக்கு ஆறு தலைமுறைச் சொத்து. கணவன் இறந்துவிட்டான். இப்போது அவளுக்கு மூன்றில் ஒரு பங்குதான். மீதி, ரோமப் பேரரசரின் உத்தரவுப்படி, வித்தரிக் என்ற கோத் இனத்துப் படைவீரனுக்குப் போய்விட்டது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பி அவன் குடும்பம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். களஞ்சியம் மட்டும் பொது.

சுற்றுவட்டாரத்தில் ஓட்டுச் சூளை எதுவும் எரிந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆளுநரைக் கேட்டால் அரசாங்கச் சூளையிலிருந்து ஓடு கிடைக்கும் என்று பண்ணைக் காரியம் பார்க்கும் மௌரூஸை நகரத்துக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஆளுநர் மாளிகையில ஈ காக்கா இல்லம்மா. எல்லாரும் ஆர்ல் பட்டணத்துக்குப் போயிட்டாங்களாம்."

"எப்போ திரும்பி வருவாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வாசல் தூண்ல ஆடு கட்டிக்கிட்டிருந்தவன் சிரிக்கிறான்."

சுவரோரம் நின்றிருந்த வித்தரிக் குறுக்கே பேசினான். "ஓடுதான் இங்கயே இருக்கே, வீட்டுக்காரம்மா. உங்க குளியல் கூடத்து மேல."

"அது எங்க மாமனார் கட்டினது."

"இருக்கட்டும். இன்னொரு மழை பெஞ்சா அவரா வந்து கோதுமையை மறைச்சுக்கிட்டு நிக்கப்போறாரு?"

அவள் களஞ்சியத்துக்குள் போய் நனைந்திருந்த குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். உள்ளே சூடேறியிருந்தது. அள்ளிய பிடியில் சில மணிகள் முளைவிட்டிருந்தன.

"நாளைக்குக் காலையில பிரிச்சுக்கோங்க," என்றாள் வெளியே வந்து. "இன்னைக்கு நான் குளிக்கணும்."

மத்தியானம், குளியல் கூடத்துத் தரைக்கடியில் அனலை அனுப்பும் அடுப்பை மூட்டினார்கள். கூடம் ஆவியால் நிறைந்தபோது வித்தரிக்கின் மனைவி சுனில்தா வாசலில் வந்து நின்றாள். குடிவந்த இரண்டு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"நானும் வரட்டுமா?"

"மரச்செருப்பைப் போட்டுக்கிட்டு வாம்மா. தரை சுடும்."

சுனில்தா தண்ணீரில் கழுத்தளவு இறங்கிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு எவ்வளவு விறகு ஆகும்?"

"ஒரு வண்டி."

"ஒரு வண்டியா! ஒரு குளியலுக்கா? பாதிக் குளிர்காலத்தை ஓட்டிருவோமே நாங்க!"

லியோந்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவனும் இதையேதான் சொல்வான், தன் அப்பா காதில் விழாதபடி.

விடிந்ததும் வித்தரிக் கூரைமேல் ஏறினான். ஓடுகள் கைமாறிக் கைமாறி இறங்கின. வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. லியோந்தியா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றாள். பொழுது சாய்வதற்குள் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். முளைவிட்ட கோதுமை பன்றிகளுக்குப் போயிற்று. மிச்சத்தை வைத்து இரண்டு வீடும் குளிர்காலத்தைத் தாண்டின.

வசந்தத்தில், மீன்வலைக்குக் குண்டு வார்க்க வேண்டும், குளியல் கூடத்து ஈயக்குழாய் கிடைக்குமா என்று வித்தரிக் கேட்டான். லியோந்தியா மௌரூஸிடம் கடப்பாரையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.