சோப்புத் தண்ணீர் போன வழி

தக்காளித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அத்தான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தக்காளிக்கு மருந்தை அளவில்லாமல் கொட்டியிருப்பார் என்று தெருவே பேசியது. கிணற்றையே மூடிவிடலாம் என்று மனம் வெறுத்திருந்தார்.

மண் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மைத்துனிக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்து மண்ணை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி, அத்தான் சொன்ன அளவு மருந்தை மேலே விட்டாள். ஒன்றில் வெறும் தண்ணீரை ஊற்றினாள். மற்றதில், அக்காவின் சலவைக்கடையிலிருந்து தோட்டத்துக்குப் பாயும் நுரைத் தண்ணீரை ஊற்றினாள். முதல் குழாயில் மண் மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்தி, மருந்தைத் தன்னோடு கீழே கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

அன்று மாலையே சலவைக்கடைக்கு ஓடினாள்.

“அக்கா, அத்தான் அளவாத்தான் அடிச்சிருக்காரு. உன் சோப்புத் தண்ணிதான் அதைக் கிணறு வரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கு.”

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “தண்ணி வீணாகுதேன்னு செடிக்கு விட்டேன்டி. கடைசியில குத்தவாளி நானா?”

“இனிமே சாக்கடைக்கு விடு. நாலு மழை பெய்யட்டும், திரும்பச் சோதிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் குடிக்கவும் வேண்டாம், கிணத்தை மூடவும் வேண்டாம்.”

துணி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது. “ஊரோட சேர்ந்து நீயும்தானே என்னைத் திட்டின?”

“சரி சரி, ரொம்பப் பேசாதீங்க. முதல்ல கடைத் தண்ணி போற குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்புங்க,” என்றாள் அக்கா.

அவர் அதற்குள் ஸ்பேனரோடு வாசலைத் தாண்டியிருந்தார்.