இரவல் போன பங்குகள்

2005 ஐப்பசி. மகள் அம்பிகாவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பங்குகளை விற்றுத் தரச் சொல்லி அரியலூர் பங்கு புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். ஆண்டிமடத்து முந்திரிக் கொல்லையை விற்ற பணத்தில் புரோக்கர் அமிர்தலிங்கம் மூலமாக வாங்கி, அவர் பொறுப்பிலேயே விட்டுவைத்த பங்குகள். லாரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவிட்டு வரும்போதெல்லாம் டீக்கடை பேப்பரில் அவற்றின் விலையை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஏறிக்கொண்டே இருந்தது.

"அடுத்த வாரம் வாங்க, இளையபெருமாள்" என்றார் அமிர்தலிங்கம். போன வாரமும் இதையேதான் சொன்னார். நான் நகரவில்லை.

"என்ன, ஓடிப்போயிடுவேன்னு பயமா? இந்தாங்க, எங்க கம்பெனியோட வருசக் கணக்கு. பி.காம் முடிச்ச பொண்ணுகிட்டக் காட்டுங்க. எவ்வளவு சொத்து இருக்குன்னு அதுவே சொல்லும்."

எல்லாம் இங்கிலீஷ். அம்பிகா வீட்டு வாசலில் உட்கார்ந்து புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அப்பா, இரவல் வாங்குன பங்குகள்னு போட்டிருக்கு. சொத்துப் பக்கம் இல்ல, திருப்பிக் குடுக்க வேண்டிய பக்கம். பெரிய தொகை."

"யாருகிட்ட வாங்குனதாம்?"

"சம்மதம் எழுதிக் குடுத்த வாடிக்கைக்காரங்ககிட்ட வாங்கி வித்ததுன்னு கீழ குறிப்பு இருக்கு. நீ ஏதாச்சும் எழுதிக் குடுத்தியாப்பா?"

கணக்குத் தொடங்கிய அன்று, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வயதுக்கு மேல் கற்ற கையெழுத்து. கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டாத முதல் ஆபீஸ் அது. ஒரு தாளையும் படிக்கவில்லை. இன்னும் இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

என் மனைவி சிந்தாமணி முறத்தைக் கீழே வைத்தாள். "ஒங்கப்பாவுக்குக் கையெழுத்துன்னா பாயாசம் மாதிரி. இரவல்தானே? வெலதான் ஏறுதே, சேத்துக் குடுப்பாருல்ல?"

"அம்மா, நீ ஒரு மூட்ட முந்திரிக்கொட்டைய இரவல் வாங்கி வித்துட்டேன்னு வச்சுக்க. இப்ப வெல ரெண்டு மடங்கு. திருப்பித் தர வேண்டியது வித்த காசில்ல, மூட்ட. எப்படித் தருவ?"

"ரெண்டு மடங்கு போட்டு வாங்கித்தான்..." சிந்தாமணி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"வாங்குறதுக்குக் கம்பெனியில பணம் இருக்கா?" என்று கேட்டேன்.

அம்பிகா புத்தகத்தை மூடினாள். "இது மார்ச் மாசக் கணக்கு. அந்த வெலைக்கே பத்தல. அப்பறம் எவ்வளவு ஏறிடுச்சு!"

மறுநாள் டீக்கடையில், என்னோடு கல் ஏற்றும் அரியமுத்து என் முதுகில் தட்டினான். "யோவ் பெருமாளு, ஒன் பங்கு இன்னைக்கும் ஏறிருக்காமே! டீ ஒன் கணக்குதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். பேப்பர் யாரிடம் என்று பார்த்தேன். கடைசி பெஞ்சில் அமிர்தலிங்கம் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் தினமும் தேடும் வரியில்தான் அவர் விரலும் இருந்தது.

"எறங்கும்" என்றார், என்னைப் பார்க்காமல். "எறங்கும்னு நம்பித்தான் ஒங்க பங்க வித்தேன். எறங்கிட்டா வாங்கிக் குடுத்துடுவேன். வேண்டிக்கங்க, இளையபெருமாள்."

வேண்டிக்கொண்டேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பொருள் மலிந்து போகட்டும் என்று.