ஓடிக் காட்டியவர்

ஆஸ்பத்திரியின் டிரெட்மில் அறையிலிருந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த என் வீட்டுக்காரர், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடிப்பைப் பதிய ஒட்டியிருந்த பட்டைகளைப் பிய்த்த இடமெல்லாம் நெஞ்சு சிவந்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் ஓடினேன். ஒரு தடவகூட நிறுத்துங்கன்னு சொல்லல."

இந்த மனுஷன்தான் நேற்று எங்கள் மாடிப்படியில் பாதியில் நின்று, நெஞ்சை அழுத்திக்கொண்டே செல்போனைப் பார்க்கிற மாதிரி நடித்தவர். போன் அணைந்து கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அந்தக் கொடுப்பினைகூட இப்போது போயிற்று.

அவர் பஸ் டிரைவர். நெஞ்சில் கோளாறு என்று டிப்போவுக்குத் தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஏதாவது கவுன்ட்டர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். பயப்படட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறது. காலேஜுக்குப் போகிற எங்கள் மகளும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். அப்பா வண்டி என்று பெருமை வேறு.

இரத்த அழுத்தத்துக்கு அவர் தினமும் போடும் மாத்திரையை டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அது துடிப்பை அடக்கி வைக்குமாம், ஓடவிட்டாலும் இதயத்தின் வண்டவாளம் வெளியே தெரியாதாம். இன்று காலை வாஷ்பேசின் ஓரத்தில் அந்த மாத்திரை அட்டை கிடந்தது. கேட்டதற்கு, "பழசு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் சின்னப் பெண். ஈ.சி.ஜி. கோடுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓடியிருக்கீங்க. ஆனா துடிப்பு வேண்டிய அளவுக்கு ஏறவே இல்ல. அதனால இந்த டெஸ்ட் எதையும் சொல்லல. நல்லா இருக்குன்னும் சொல்ல முடியாது, அடைப்பு இருக்குன்னும் சொல்ல முடியாது. மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்திட்டேன் மேடம்."

"நெஞ்சு வலி?"

"சேச்சே."

"மாத்திரை இல்லாமலே ஏறலைன்னா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. நேரா ஆஞ்சியோ பண்ணிடலாம். மணிக்கட்டு வழியா குழாய் விட்டு இதயம் வரைக்கும் போய்ப் பாப்போம்."

அவர் மணிக்கட்டை மறுகையால் மூடிக்கொண்டார். தேவை இருக்கிறதோ இல்லையோ, இதயம் வரைக்கும் குழாய் விட்டுக்கொள்வாராம், ஒரு மாத்திரை போட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டாராம். என்ன ஜென்மம் இது என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"காலைல மாத்திரை போட்டாரு மேடம். மாடி ஏறினா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இவரு சொன்னது அத்தனையும் பொய்."

டாக்டர் பேனாவை மூடினாள். மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது திரும்ப டெஸ்டுக்கு வரவேண்டும் என்பதை அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள். குழாய் வேண்டுமா என்பதை அந்த டெஸ்டைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றாள்.

வராந்தாவில் அவர் என்னைவிட்டுத் தள்ளியே நடந்தார். "காட்டிக் குடுத்துட்டியே."

"ஆமா. இன்னும் நூறு தடவ குடுப்பேன். உங்க வண்டியில என் புள்ள ஏறுது."

வாசலில் வந்து நின்ற பஸ்ஸை ஓட்டி வந்தவன் அவரோடு வேலை பார்க்கிற பையன், வாய் ஓயாதவன். டிரைவருக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. உட்காருவதற்குள் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணே, நான் சொன்ன மாதிரி மாத்திரைய முழுங்கிட்டுத்தானே போனீங்க? பாஸா?"

"உங்க யோசனையா இது? மூளைய டிப்போவுலயே கழட்டி வச்சுட்டீங்களா தம்பி?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"பயப்படாதீங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது. போன வருஷம் எனக்கும் இதே நெஞ்சு வலிதான். இதே மாதிரிதான் ஓடிக் காட்டினேன். பாருங்க, இன்னிக்கு வரைக்கும் கல்லு மாதிரி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

கியரைப் போட்டான். பஸ் நகர்ந்தது. அடுத்தடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஜனம் உட்கார இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றது. பாலத்து இறக்கம் வந்தபோதுதான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பையனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால், பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.